இன்டர்லேண்ட்: இணைய மோசடியைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் விளையாட்டு

கூகுள் நிறுவனம் ‘பி இன்டர்நெட் ஆசம்’ என்னும் திட்டத்தின் பகுதியாக 2017 ஜூன் மாதத்தில் வெளியிட்ட ‘இன்டர்லேண்ட்’, இணையத்தில் எதை நம்புவது, எதைப் பகிர்வது, யாரிடமிருந்து விலகுவது என்பவற்றைப் பள்ளிப் பிள்ளைகள் ஆடியபடியே தெரிந்துகொள்வதற்காக உருவாக்கப்பட்டது. கட்டணம் கிடையாது, பெயரோ மின்னஞ்சலோ கொடுத்துக் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, உலாவியில் திறந்தவுடன் ஆடத் தொடங்கிவிடலாம். சொந்த விவரங்களைக் கண்ட இடத்தில் கொடுக்காதே என்று கற்பிக்க வரும் விளையாட்டு, தானும் அவற்றைக் கேட்காமலிருப்பது மிகச் சரியான தொடக்கம். ஐந்தாம் வகுப்பில் படிக்கும் என் அக்காள் மகளுடன் அமர்ந்து முழுவதையும் ஆடிப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

விளையாட்டில் நான்கு உலகங்கள் உள்ளன. அவற்றுள் மோசடி என்ற பொருளை நேரடியாக எடுத்துக்கொள்வது ‘ரியாலிட்டி ரிவர்’. மெய்யும் பொய்யும் கலந்து ஓடும் ஆறு அது. அதற்குள் தூண்டிலுடன் ஓர் ஏமாற்றுக்காரன் காத்திருக்கிறான். வந்த செய்தியை நம்பலாமா, அனுப்பியவர் உண்மையில் அவர்தானா, ஐயம் எழுந்தால் என்ன செய்வது என்ற வகையில் கேட்கப்படும் கேள்விகளுக்குச் சரியாக விடையளித்தால்தான் ஆற்றைக் கடக்க வழி பிறக்கும். குழந்தை அவசரமாகப் பொத்தானை அழுத்தாமல், கேள்வியைப் படித்து, தயங்கி, பிறகு தேர்ந்தெடுக்கிறது. மோசடிக்காரர்கள் பறிக்க முயல்வது அந்தத் தயக்கத்தைத்தான் என்பதால், நான்கு உலகங்களில் இதையே மிக உயர்வாக மதிப்பிடுகிறேன்.

வலுவான கடவுச்சொல்லை அமைக்கப் பழக்கும் ‘டவர் ஆஃப் ட்ரெஷர்’ பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. திருடன் துரத்த, ஓடிக்கொண்டே சேகரிக்க வேண்டிய ஆட்டம் என்பதால் குழந்தையின் கவனமெல்லாம் ஓட்டத்திலேயே நின்றுவிடுகிறது. கடவுச்சொல் ஏன் வலுவானது என்ற விளக்கம் கண்ணில் பட்டும் மனத்தில் தங்குவதில்லை. யாரிடம் எதைப் பகிரலாம் என்பதை ஒளிக்கதிரைக் கண்ணாடிகளில் திருப்பிவிட்டு விளக்கும் ‘மைண்ட்ஃபுல் மவுன்டன்’ அழகாக அமைந்திருக்கிறது. ‘கைண்ட் கிங்டம்’ பிறரிடம் கனிவாக நடப்பதைப் பற்றியது. இங்கு அதை விரித்துப் பேசத் தேவையில்லை.

என் முதன்மையான குறை வேறு. இத்திட்டம் ஐந்து அடிப்படைப் பாடங்களைச் சொல்கிறது. விளையாட்டில் உலகங்களோ நான்குதான். தனக்கென்று ஓர் உலகம் கிடைக்காமல் போன ஐந்தாவது பாடம், சந்தேகம் வந்தால் நம்பிக்கைக்குரிய பெரியவரிடம் சொல் என்பது. மோசடியைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் முக்கியமானது இதுவே என்று நான் உறுதியாக நினைக்கிறேன். எவ்வளவு கெட்டிக்காரக் குழந்தையும் ஒருநாள் ஏமாறக்கூடும். ஏமாந்தவுடன் அம்மாவிடம் ஓடிவந்து சொல்கிறதா, திட்டு விழுமே என்று ஒளிக்கிறதா என்பதுதான் இழப்பின் அளவைத் தீர்மானிக்கிறது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்திட்டத்தின் பாடங்களைப் பள்ளிகளில் மதிப்பிட்டபோது, மாணவர்களின் அறிவும் தன்னம்பிக்கையும் கூடியிருந்தன. ஆனால் சிக்கல் வரும்போது பெரியவர்களிடம் உதவி கேட்கும் பழக்கத்தில் மாற்றம் தென்படவில்லை. விளையாட்டின் அமைப்பைப் பார்த்தவர்களுக்கு அந்த முடிவு வியப்பளிக்காது.

ஆசிரியர்களுக்கான பாடக் கையேட்டின் முந்தைய பதிப்பு, இணைய முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுச் சின்னம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னது. அந்தப் பூட்டு, இணைப்பு மறையாக்கம் செய்யப்பட்டது, அதாவது இடையில் வேறு யாரும் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டது என்பதை மட்டுமே காட்டும். தளத்தை நடத்துபவர் நேர்மையானவர் என்று சான்றளிக்காது. இன்று போலித் தளங்களும் அதைச் சாதாரணமாகப் பெற்றுவிடுகின்றன. குரோம் உலாவியே 2023இல் அந்தச் சின்னத்தை நீக்கிவிட்டது. பழைய கையேட்டை வைத்துப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் இந்த ஒரு குறிப்பைக் கட்டாயம் விட்டுவிட வேண்டும்.

தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இதைப் பரிந்துரைக்கும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் வீடுகளில் பெரும்பாலான பிள்ளைகள் கையிலெடுப்பது பெற்றோரின் கைபேசியை. வங்கிக் குறுஞ்செய்தியும் ஓடிபியும் வந்து விழுவது அதே கருவியில்தான். ஃப்ரீ ஃபயர் என்ற கைபேசி விளையாட்டில் இலவச டைமண்ட் தருவதாகச் சொல்லிக் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும் பக்கம், வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வரும், உண்மையில் கைபேசியில் ஒரு செயலியை நிறுவிவிடும் ஏபிகே கோப்பு, பணம் அனுப்புகிறோம் என்று கூறி கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யச் சொல்லும் அந்நியர் ஆகிய நம் ஊர்த் தூண்டில்கள் எவையும் இந்த ஆற்றில் இல்லை. பணம் பெறுவதற்கு யூபிஐ பின் எண்ணை இட வேண்டிய தேவையே கிடையாது என்ற ஒரு வாக்கியத்தை எட்டு வயதுப் பிள்ளையும் புரிந்துகொள்ளும். அதை நாம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆற்றைக் கடந்து முடித்ததும் என் அக்காள் மகள், “இந்த மாதிரி அம்மா ஃபோனுக்கு வந்தா நான் என்ன பண்ணணும் சித்தி?” என்று கேட்டாள். அந்தக் கேள்வியை எழுப்பியதற்காக விளையாட்டைப் பாராட்டுகிறேன். அதன்பின் நாங்கள் கைபேசியில் வந்து குவிந்திருந்த குறுஞ்செய்திகளையே திறந்து, ஒவ்வொன்றையும் நம்பலாமா கூடாதா என்று பேசினோம். அன்று அவள் கற்றவற்றில் பாதி அங்கிருந்து வந்தது.

பன்னிரண்டு வயதைக் கடந்த பிள்ளைகளுக்கு இன்டர்லேண்ட் சலிப்பூட்டும். அவர்களுக்கு, கூகுளின் துணை அமைப்பான ஜிக்சா 2019 ஜனவரியில் வெளியிட்ட போலி மின்னஞ்சல் வினாடி வினா பொருத்தமானது. தொடக்கத்தில் ஒரு பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் கற்பனையாகவே கொடுக்கச் சொல்லி, எட்டு மின்னஞ்சல்களைக் காட்டி, எது போலி என்று கேட்டு, ஒவ்வொரு விடைக்குப் பின்னும் முகவரியில் எந்த எழுத்து மாற்றப்பட்டிருக்கிறது, இணைப்பு உண்மையில் எங்கே கொண்டுபோகிறது என்பதைச் சுட்டிக்காட்டுகிறது. பெரியவர்களும் இதில் தவறுகிறார்கள் என்பதைப் பிள்ளைகள் நேரில் பார்ப்பது நல்லது. ஆகவே குடும்பத்துடன் சேர்ந்து விடையளிக்கலாம்.

இன்டர்லேண்டைப் பெரிய திரையில், ஆங்கிலக் கேள்விகளைத் தமிழில் விளக்கக்கூடிய ஒருவர் பக்கத்தில் இருக்க, ரியாலிட்டி ரிவரிலிருந்து தொடங்குங்கள். பிள்ளையைத் தனியே ஆடவிட்டு எழுந்துபோனால் கிடைப்பது பொழுதுபோக்கு மட்டுமே. ஆடி முடித்த பிறகு, தவறுதலாக எதையாவது அழுத்திவிட்டாலும் திட்ட மாட்டோம் என்ற உறுதியைப் பிள்ளைக்கு வாய்விட்டுக் கொடுங்கள். பணம் போய்விட்டால் தாமதமின்றி 1930 என்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லி, அந்த எண்ணை வீட்டிலுள்ள எல்லாக் கைபேசிகளிலும் அவர்களையே பதிவுசெய்யச் சொல்லுங்கள்.