வீட்டில் செய்த ஸ்டெபிலைசர்: நேர்க்கம்பியா, வளைந்த பட்டையா?

நடந்துகொண்டே வீடியோ எடுக்க இதுவரை மூன்று ஸ்டெபிலைசர் செய்திருக்கிறேன். இரும்புக் குழாயில் ‘டி’ வடிவத்தில் ஒன்று, அலுமினியப் பட்டையை வளைத்து ஒன்று, நேரான த்ரெட் ராடில், அதாவது நீளம் முழுக்க மரை போட்ட கம்பியில், ஒன்று. மூன்றிலும் மாட்டியது ஒரே கேமராதான். லென்ஸ், பேட்டரி, அடித்தட்டு எல்லாம் சேர்த்து 800 கிராம். செலவு, தோற்றம் இரண்டையும் நான் பெரிதாகப் பார்க்கவில்லை. எதைப் பொறுமையாக உட்கார்ந்து பேலன்ஸ் செய்துவிட முடிகிறது என்பதுதான் என் கேள்வி. பேலன்ஸ் ஆகாத ஸ்டெபிலைசரைத் தூக்கிக்கொண்டு நடப்பதைவிட, கேமராவை இரண்டு கையாலும் பிடித்து முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொள்வது மேல்.

குழாய் ‘டி’யைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம். ஜானி சங் லீ என்பவர் இணையத்தில் போட்ட 14 டாலர் திட்டம் இது. பத்து அங்குல நீளத்தில் மூன்று அரை இஞ்ச் குழாய், நடுவில் அவற்றை இணைக்கும் ஒரு ‘டி’ வடிவ இணைப்பு, அடியில் உடற்பயிற்சிக்கு வாங்கும் இரண்டரை பவுண்டு எடை. அரை நாளில் தயார். ஆனால் இதில் கிம்பல், அதாவது கை திரும்பினாலும் கேமரா திரும்பாதபடி தாங்கும் சுழல் மூட்டு, கிடையாது. பக்கவாட்டுக் குழாயைக் கையால் நேராகப் பிடிப்பதால் மணிக்கட்டின் திருகல் அப்படியே கேமராவுக்குப் போகிறது. எடையைப் பரப்பி வைத்ததால் சின்ன நடுக்கம் குறையும், அவ்வளவுதான். முதல் முறை செய்பவருக்கு நல்ல பயிற்சி. அதற்கு மேல் இதில் சரிசெய்ய ஒன்றுமில்லை.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான். கேரட் பிரவுன் 1970களில் கொண்டுவந்த ஸ்டெடிகேம் என்ற கேமரா நிலைநிறுத்தியின் அடிப்படைதான் இரண்டிலும் இருக்கிறது: கேமராவையும் எதிரெடையையும் தள்ளித் தள்ளி வை, ஈர்ப்பு மையம் இருக்கும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே, எந்தப் பக்கமும் தடையில்லாமல் திரும்பும் கிம்பலில் பிடி.

வளைந்த பட்டைக்கு 25 மி.மீ. அகலம், 3 மி.மீ. தடிமனில் அலுமினியம் வாங்கினேன். கேமராவுக்கு அடியிலிருந்து முன்னால் போய், வளைந்து, கீழே திரும்பி வரும். முனையில் எடை. பார்க்க அழகு, பையில் அடங்கும், கேமராவைத் தரையருகே கொண்டுபோனாலும் காலில் இடிக்காது. இந்த வசதிகளை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். சிக்கல் பேலன்ஸ் செய்ய உட்காரும்போதுதான். முன்பின் சரிவைத் திருத்தப் பட்டையைக் கொஞ்சம் விரித்தால் எடை கீழேயும் இறங்குகிறது. உடனே அடிப்பாரம், அதாவது கிம்பலுக்கு மேலே இருப்பதைவிடக் கீழ்ப்பக்கம் எவ்வளவு கனம் என்பது, மாறிவிடுகிறது. அதைச் சரிசெய்ய எடையைக் குறைத்தால் முன்பின் மறுபடி கெடுகிறது. ஒரு திருகைத் தொட்டால் இரண்டு கணக்கு மாறுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இப்படியே போனது எனக்கு.

நேர்க்கம்பியில் அந்தத் தொல்லை இல்லை. நான் எடுத்தது 8 மி.மீ. த்ரெட் ராடு. ஸ்கேட்டிங் சக்கரத்தில் வரும் 608 பேரிங்கின் உள்துளையும் 8 மி.மீ. என்பதால் கச்சிதமாக உட்காரும். பேரிங்கைச் சுற்றி ஒரு வளையம், வளையத்தை இரு பக்கமும் தாங்கும் கவை, கவையின் தண்டு கைப்பிடிக்குள் இன்னொரு பேரிங்கில் சுழலும். மூன்று திசையும் கிடைத்துவிட்டது. பேரிங்குக்கு மேலும் கீழும் ஒரு நட்டு. கேமராத் தட்டில் நீளவாக்கில் துளை போட்டு, கால் இஞ்ச் போல்டால் இறுக்கினேன். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பழைய அங்குல மரை போல்ட்டும் இஞ்சுக்கு 20 மரைதான், கேமராவில் ஏறும்.

முன்பின், பக்கவாட்டு என்றால் தட்டை நகர்த்து. அடிப்பாரம் என்றால் நட்டைத் திருப்பு. ஒன்று மற்றதை அதிகம் கெடுப்பதில்லை. நேர்க்கம்பி பக்கம் நான் சாய்ந்ததற்கு முதல் காரணம் இது.

இரண்டாவது காரணம் நீளம். கம்பியின் எடையை விட்டுவிட்டுக் கணக்குப் பார்ப்போம். கிம்பலுக்கு 15 செ.மீ. மேலே 800 கிராம் கேமரா. எதிரெடையும் 15 செ.மீ. கீழே என்றால் அதுவும் 800 கிராம் வேண்டும், மொத்தம் 1.6 கிலோ. எதிரெடையை 30 செ.மீ. கீழே கொண்டுபோனால் 400 கிராம் போதும், மொத்தம் 1.2 கிலோ. கை வலி குறைந்தது. அதோடு, பிளஸ் ஒன்னில் நிலைமத் திருப்புத்திறன் என்று படித்தோமே, அது நிறையை தூரத்தின் வர்க்கத்தால் பெருக்குவது. கிலோ, மீட்டர் கணக்கில் முதல் அமைப்பில் 0.036 வருவது இரண்டாவதில் 0.054 ஆகிறது. எடை குறைவு, ஆனால் ஆட்டத்தை எதிர்க்கும் சக்தி ஒன்றரை மடங்கு! வளைந்த பட்டையை இவ்வளவு நீளமாக்கினால் அது ஸ்பிரிங் மாதிரி அதிர ஆரம்பிக்கும். என்னுடையதை 18 செ.மீ.க்கு மேல் இறக்க முடியவில்லை.

இனி அடிப்பாரம். கம்பியைப் படுக்கையாகப் பிடித்துக் கையை எடுத்துவிடுங்கள், அது நேராக நிற்க சுமார் 2 நொடி ஆக வேண்டும். சட்டென்று விழுந்தால் அடி கனம். அப்படி இருந்தால் நடக்கத் தொடங்கும்போதும் நிற்கும்போதும் ஊஞ்சல் மாதிரி ஆடும். மேலே சொன்ன 1.2 கிலோ அமைப்பில் 2 நொடிக்கு ஈர்ப்பு மையம் கிம்பலுக்கு ஏறக்குறைய 4 மி.மீ.தான் கீழே இருக்க வேண்டும். 8 மி.மீ. ராடில் நட்டின் ஒரு சுற்று 1.25 மி.மீ., அதாவது மூன்று சுற்றுதான். வழுக்குக் குழாயில் கிளாம்ப் போட்டு இந்த நுணுக்கத்தைப் பிடிப்பது ரொம்பக் கஷ்டம்.

அந்த 4 மி.மீ.யில் நிற்கும்போது கேமராவை வெறும் 1 மி.மீ. முன்னால் தள்ளினால் முழுக் கருவியும் 9 டிகிரிக்கு மேல் சாயும். பலர் வெறுத்துப்போய் அடியில் மேலும் மேலும் வாஷர் கட்டுவது இங்கேதான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எடை கூடக் கூட நேராக நிற்கும், ஆனால் ஊசல் ஆகிவிடும். தட்டைத்தான் நகர்த்த வேண்டும். கடைசித் திருத்தத்துக்கு நான் வைத்திருப்பது 9 கிராம் எடையுள்ள பழைய தடித்த ஐந்து ரூபாய் நாணயம். தட்டின் ஓரத்தில் டேப்பால் ஒட்டி, இடம் மாற்றிப் பார்ப்பேன். இதற்கெல்லாம் முன்பே திரையைத் திறந்து, லென்ஸ் மூடியைக் கழற்றி, தோள்பட்டை வாரை எடுத்துவிட வேண்டும்.

அப்புறம் சுழற்றிப் பார்க்கும் சோதனை. நேராக நிற்கும் கருவி, விரலால் சுழற்றினால் தலையைச் சாய்க்கலாம். கேமராவின் மையம் கம்பிக்கு முன்னாலும் அடி எடை பின்னாலும் இருந்தால் இப்படி ஆகும். நேர்க்கம்பியில் இரண்டையும் கம்பிக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தால் சரியாகிவிடும். வளைந்ததில் பட்டையே முன்னால் தொங்குகிறது. அதை ஈடுகட்டக் கேமராவைப் பின்னால் தள்ளினால் சாய்வு கூடத்தான் செய்கிறது. வேகமாகத் திருப்பும் காட்சிக்கு என் வளைந்த பட்டை கடைசிவரை ஒத்துவரவில்லை.

நேர்க்கம்பியிலும் குறை உண்டு. 8 மி.மீ. கம்பி மெலிசு, குதிகால் தரையில் படும்போது அதிரும். கிம்பலுக்குக் கீழே அலுமினியக் குழாயைச் செருகி இரு முனையிலும் நட்டால் இறுக்கினேன், அதிர்வு அடங்கியது. நெரிசலில் நீளம் தொந்தரவுதான். சின்ன கேமராவோடு பயணம் போகிறவர், மெதுவாக நடந்து எடுப்பவர் வளைந்ததையே செய்யலாம். வெறும் போனை மாட்டினால் மட்டும் அதற்கடியில் ஓர் இரும்புத் தட்டு வையுங்கள், அவ்வளவு லேசான தலையை எதுவும் நிலையாக வைக்காது.

மற்றவர்களுக்கு நேர்க்கம்பி. 18-55 லென்ஸ் ஜூம் செய்யும்போது நீளம் மாறுவதால், எடுக்கப்போகும் ஜூமிலேயே பேலன்ஸ் செய்யுங்கள். நட்டு நிற்கும் இடத்திலும் தட்டின் ஓரத்திலும் லென்ஸுக்கு ஒரு நிறமாகப் பெயின்ட் கோடு போட்டுவிட்டால், அடுத்த முறை ஐந்து நிமிடத்தில் வேலை முடியும்.