நுரையீரல் தொற்றுக்கு நெபுலைசரில் எது: ஆன்டிபயாடிக்கா, பேஜா?

சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா நுரையீரலில் குடியேறிவிட்டால் லேசில் போகாது. அதற்கு மூச்சு வழியாகக் கொடுக்கும் டோப்ராமைசின் என்ற ஆன்டிபயாடிக், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் உள்ளவர்களுக்காக 1997-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 300 மி.கி., தினம் இரண்டு வேளை, 28 நாள் எடுத்து 28 நாள் இடைவெளி. அளவு தெளிவு, அனுபவம் நிறைய. ஆனால் வருடக்கணக்கில் எடுக்கும்போது கிருமி பழகிக்கொள்கிறது, சளிக்குள் அது கட்டும் பிசுபிசுப்பான படலத்தை மருந்து முழுதாக ஊடுருவுவதும் இல்லை.

பேஜ் என்பது பாக்டீரியாவை மட்டும் தாக்கும் வைரஸ். இரை இருக்கும் இடத்திலேயே பெருகும், சில வகைகள் அந்தப் படலத்தையே கரைக்கும் நொதியோடு வரும். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்: யேல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த ஒரு பேஜ், உள்ளே வரும் மருந்தை வெளியே தள்ளப் பாக்டீரியா வைத்திருக்கும் பம்பைப் பிடித்துத்தான் அதற்குள் நுழைகிறது, அதனிடமிருந்து தப்பிக்கப் பாக்டீரியா பம்பை மாற்றிக்கொண்டால் பழைய ஆன்டிபயாடிக் மறுபடி வேலை செய்ய ஆரம்பிக்கிறது!

சரி, சிக்கல்? நோயாளியின் சளியிலுள்ள கிருமிக்குப் பொருந்தும் பேஜை ஆய்வகத்தில் தேட வேண்டும், அதற்கு நாளாகும். சில பேஜ்கள் நெபுலைசரிலேயே சிதைந்துபோகும், அதனால் கருவியையும் சோதிக்க வேண்டும். பெரும்பாலான நாடுகளில் இது இன்னும் சோதனைச் சிகிச்சைதான்.

மருந்துக்குக் கட்டுப்படும் கிருமி என்றால் நான் ஆன்டிபயாடிக் பக்கம்தான். எந்த மருந்துக்குமே கட்டுப்படாதபோது, பேஜை மாற்றாக இல்லாமல் ஆன்டிபயாடிக்கோடு சேர்த்துக் கொடுக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.