பாடலை வெளியிடும் முன்: பதிவா, தபாலா, மின்னஞ்சலா?

சொந்தமாகப் பாட்டெழுதி, மெட்டமைத்து, வீட்டு அறையிலேயே ஒலிப்பதிவு செய்து வெளியிடுவோர் தமிழில் பெருகிவிட்டனர். வெளியீட்டு நாள் நெருங்கும்போது அவர்கள் தவறாமல் கேட்பது, பதிப்புரிமையைப் பதிவு செய்த பிறகுதான் பாட்டை வெளியிட வேண்டுமா என்பதே. 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி உரிமை படைக்கும்போதே பிறந்துவிடுகிறது, பதிவு கட்டாயமில்லை. பதிவு இல்லாமலும் வழக்குத் தொடுக்கலாம் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2021 இல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. அமெரிக்காவில் நிலை வேறு. அந்நாட்டுப் படைப்புகளுக்குப் பதிவு முடிந்த பிறகே வழக்கு என்பது அங்குள்ள உச்ச நீதிமன்றத்தின் 2019 ஆம் ஆண்டுத் தீர்ப்பு. அந்த ஊர் அறிவுரையை அப்படியே கேட்டு இங்கே பலர் பயப்படுகிறார்கள். ஆக, நாம் ஒப்பிட வேண்டியது, நாளைக்கு ஒருவர் “இது என் பாட்டு” என்று வந்து நின்றால் எந்தச் சான்று எவ்வளவு தாங்கும் என்பதைத்தான்.

முதலில் பதிப்புரிமை அலுவலகத்தில் செய்யும் பதிவு. நம் காதுக்கு ஒரே பாட்டாக இருப்பது சட்டத்தின் கண்ணுக்கு மூன்று படைப்புகள்: வரிகள் இலக்கியப் படைப்பு, மெட்டு இசைப் படைப்பு, பாடிப் பதிந்தது ஒலிப்பதிவு. வரிக்கு 500 ரூபாய், மெட்டுக்கு 500, ஒலிப்பதிவுக்கு 2,000 என ஒரு பாட்டுக்கு 3,000 ரூபாய் ஆகும். ஆறு பாட்டுள்ள தொகுப்பென்றால் 18,000. இணையத்தில் விண்ணப்பித்ததும், விண்ணப்பத்தை அடையாளம் காட்டும் டைரி எண் கிடைத்துவிடும். அதன் பிறகு, யாரேனும் ஆட்சேபிக்கிறார்களா என்று 30 நாள் காத்திருந்து, பின்னரே பரிசீலிப்பார்கள். பதிவேட்டில் உள்ள விவரத்தை நீதிமன்றம் முதல் நோக்குச் சான்றாக ஏற்கும் என்கிறது 48 ஆம் பிரிவு. மறுப்பவர்தான் அதை உடைத்தாக வேண்டும். மற்ற வழிகள் எதற்கும் இந்த வலு கிடையாது. ஆனால் மெட்டு உண்மையில் சொந்தமானதுதானா என்று அலுவலகம் கேட்டுப் பார்த்துச் சான்று தருவதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

பாட்டெழுதிய தாளைத் தனக்குத்தானே தபாலில் அனுப்பி, வந்த உறையைப் பிரிக்காமல் பீரோவில் வைப்பது இரண்டாவது வழி. செலவு குறைவு, பயனும் அவ்வளவே. ஒட்டாத வெற்று உறையை இன்று அனுப்பி, அடுத்த ஆண்டு தாளை உள்ளே வைத்து ஒட்டிவிடலாமே என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரு கேள்வி கேட்டால் போதும்.

மின் தடயம் இதைவிட மேல். பல்லவியை முணுமுணுத்த வாய்ஸ் மெமோ, அடித்துத் திருத்திய சரணம், டெமோ எனும் மாதிரிப் பதிவு, ஒலிப்பதிவு மென்பொருளின் ப்ராஜெக்ட் ஃபைல் ஆகியவை பாட்டு வளர்ந்த விதத்தையே காட்டுவதால், திருடியவரிடம் இருக்க வாய்ப்பில்லாத சான்றுகள். கோப்பை வேறு கணினிக்கு நகலெடுத்தால் அதன் தேதி மாறிவிடக்கூடும். ஆகவே உருவாக்கிய அன்றே கூட்டாளிகளுக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுவது நல்லது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63 ஆம் பிரிவுப்படி, இத்தகைய சான்றோடு கோப்பின் கைரேகை போன்ற ஹேஷ் மதிப்பைக் குறிப்பிடும் சான்றிதழும் தர வேண்டியிருக்கும்.

பாட்டை இணையத் தளங்களுக்குக் கொண்டு சேர்க்கும் விநியோக நிறுவனம் தரும் 12 எழுத்து ஐஎஸ்ஆர்சி எண்ணைப் பதிப்புரிமை என்றே நினைப்பவர்கள் உண்டு. அது ஒலிப்பதிவை அடையாளம் காட்டும் எண் மட்டுமே, உரிமையாளர் யார் என்பதை அது நிறுவாது. பதிவேறும் காணொலிகளைத் தானாகவே ஒப்பிட்டுப் பார்க்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடி, திருட்டுப் பதிவேற்றத்தைச் சட்டென்று பிடித்துத் தரும். ஆனால் எல்லோரும் வாங்கிப் பயன்படுத்தும் ஆயத்தத் தாள லூப்பை (திரும்பத் திரும்ப ஒலிக்கும் தாளத் துண்டை) நீங்களும் போட்டிருந்தால், அந்த ஒலிப்பதிவை அதில் சேர்க்கவே விதி இடம் தராது.

இவை எல்லாவற்றையும்விட முந்தியது ஒன்று உண்டு என்பது என் கருத்து. வெளியாள் திருடுவதைவிட, உள்ளேயே பிணக்கு வருவதைத்தான் அதிகம் அஞ்ச வேண்டும். நண்பரின் அறையில், நண்பரின் கணினியில், காசு வாங்காமல் அவரே கோத்துத் தந்த ஒலிப்பதிவுக்கு யார் தயாரிப்பாளர், அதாவது யாருக்கு அதன் உரிமை? ஒலிப்பதிவை முன்னெடுத்துப் பொறுப்பேற்றவரே தயாரிப்பாளர் என்கிறது சட்டம்; அந்த வரையறையை நீங்கள், நண்பர் இருவருமே தமக்கென்று கோரலாம். உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். அதிலும் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றே கொள்ளப்படும். பதிவுக்கே போனாலும், விண்ணப்பிப்பவரும் படைத்தவரும் வேறு வேறு ஆட்களாக இருந்தால், படைத்தவரின் தடையில்லாக் கடிதத்தை அலுவலகம் கேட்கும். மனக்கசப்பு வந்த பிறகு அதை யாரிடம் போய் வாங்குவது?

எனவே கையில் காசு குறைவாக உள்ளவர் முதலில், யாருக்கு எந்த உரிமை என்று எழுதிய ஒரே தாளில் கவிஞர், மெட்டமைத்தவர், பாடகர், ஒலிப்பதிவு செய்தவர் ஆகியோரின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, டெமோவை அனைவருக்கும் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, வரிக்கும் மெட்டுக்கும் 1,000 ரூபாய் கட்டி, டைரி எண் கிடைத்ததும் பாட்டை வெளியிடலாம். ஒலிப்பதிவுக்கான 2,000 ரூபாயை வெளியீட்டுக்குப் பிறகும் கட்டிக்கொள்ளலாம். எப்படியும் கடைசி இரவு வரை ஒலிகளைக் கலந்து சீராக்கும் மிக்ஸிங் மாறிக்கொண்டேதான் இருக்கும்.