நிறுத்தச் சொன்னார்கள், திருப்பிக் கொடுக்கச் சொல்லவில்லை

எங்கள் வீட்டு அலுமாரியில், மகனின் ரத்தத்தைச் சோதித்து எந்தச் சாப்பாடு ஆகாது என்று சொன்ன இரண்டு பக்கத் தாள் ஒன்று இருக்கிறது. கலரில் அச்சடித்தது. ஒரு பக்கம் சாப்பாட்டுப் பெயர்கள், பக்கத்திலேயே சிவப்பு, மஞ்சள், பச்சைப் பட்டைகள். பால், முட்டை, கோதுமை, சோயா, பருப்பு, நிலக்கடலை, தக்காளி, வாழைப்பழம் என்று 19 பெயர்களுக்கு நேரே சிவப்பு. அந்தத் தாளுக்கு நாங்கள் கொடுத்தது 40,500 ரூபாய். 2024 கடைசியில், தேயிலைத் தோட்டத்து நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கொழுந்து பறிக்கிற என் மாமியார் விரல் விட்டு எண்ணிச் சொன்னார்: "முப்பது முழுப்பேரு." முப்பது நாளின் முழுச் சம்பளம்.

மகனுக்கு அப்போது இரண்டே முக்கால் வயது. ஆறு மாதக் குழந்தையில் கன்னத்தில் தொடங்கிய கரப்பான், பிறகு முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் போய் உட்கார்ந்துகொண்டது. ராத்திரி முழுக்கச் சொறிவான். காலையில் தலையணை உறையில் ரத்தப் பொட்டுகள் இருக்கும். தோட்டத்து டிஸ்பென்சரியில் தந்த மருந்தைப் பூசினால் குறையும், விட்டால் வரும். ஸ்டீரொய்ட் பூசினால் தோல் கெட்டுப்போகும் என்று ஆளாளுக்குச் சொன்னதில் நானும் பயந்து, மிளகளவு தொட்டுத் தடவி, அதையும் இரண்டு நாளில் நிறுத்திவிடுவேன். அது என் தப்பு. அதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

அந்த நேரத்தில்தான் ஹட்டன் பக்கம் ஓர் இடம் இருக்கிறது, சாப்பாட்டை மாற்றியே குணமாக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். இடத்தின் பெயரை எழுதவில்லை. இதே மாதிரி இடங்கள் ஒன்றிரண்டு அல்ல, பெயர்ப்பலகை மட்டும்தான் மாறும். சுத்தமான அறை, ஏசி, சிரித்த முகம். விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். கொழும்புக்கு அனுப்பி இரண்டு வாரத்தில் ரிப்போட் வரும் என்றார்கள், வந்தது. சிவப்பு எல்லாவற்றையும் நிறுத்துங்கள், மஞ்சளைக் குறையுங்கள் என்றார் வெள்ளைக் கோட்டுப் போட்டவர். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். "சுகமாகும் வரைக்கும்" என்றார். கூடவே லேபல் இல்லாத வெள்ளை டப்பாவில் ஒரு கிரீம், 3,500 ரூபாய். சுத்த மூலிகை, ஸ்டீரொய்ட் ஒரு துளியும் இல்லை என்று சத்தியம் செய்யாத குறை. பில் கேட்டதற்கு, தொகையை மட்டும் கையால் எழுதிய ஒரு துண்டு.

லயத்து வரிசை வீட்டு அடுப்படியில் கோதுமை மாவும் பருப்பும் பால்மாவும் இல்லாமல் சமைத்துப் பாருங்கள், தெரியும். ரொட்டி இல்லை, பாண் இல்லை, சோயா மீட் இல்லை. அரிசி மா ரொட்டி, கிழங்கு, கரட், பூசணி. அதையே திரும்பத் திரும்பக் கொடுத்தால் எந்தப் பிள்ளை வாய் திறக்கும்? மேரி பிஸ்கட் பக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் அதில் கோதுமையும் பாலும். திரிபோஷ சத்துமாவில் சோளம், சோயா, பால்மா மூன்றும் இருப்பதால் கிளினிக்கில் தந்த பக்கெட்டுகளை உடைக்காமலே அடுக்கி வைத்தேன்.

ஆனால் முதல் மூன்று வாரம் அதிசயம். தோல் வழவழவென்று ஆகிவிட்டது. நான் பத்துப் பேரிடம் சொன்னேன், சாப்பாடுதான் காரணம் என்று. இப்போது நினைத்தால் கூசுகிறது, ஏனென்றால் அந்தப் பத்துப் பேரில் ஒருத்தி தன் பிள்ளையையும் அங்கே கூட்டிக்கொண்டு போனாள்.

டப்பா காலியானது. ஒரு வாரத்தில் எல்லாம் திரும்பி வந்தது, முன்பைவிடச் சிவப்பாக. போன் எடுத்தால், "நீங்கள் சொல்லாமல் ஏதோ கொடுத்திருக்கிறீர்கள், நன்றாக யோசித்துப் பாருங்கள்" என்றார்கள். இந்த ஒரு வாக்கியம்தான் அவர்களுடைய வியாபாரத்தின் மூலதனம். குறைந்தால் அவர்கள் கெட்டிக்காரத்தனம், கூடினால் தாயின் கவனக்குறைவு. நானும் நம்பினேன். ஒரு நாள் மாமியாரின் முந்தானை முடிச்சில் பாதி மேரி பிஸ்கட் இருந்ததைப் பார்த்துவிட்டேன். அன்றைக்கு நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அவர் ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. "பசிக்குது அப்பாயின்னான், அதான்" என்று மட்டும் சொன்னார்.

இன்னும் இரண்டு டப்பா வாங்கினோம். ஜனவரியில் காய்ந்த பனிக்காற்று தொடங்கியதும் அதற்கும் மசியவில்லை.

பிப்ரவரியில் நிறை பார்க்கும் நாளில் எங்கள் மிட்வைஃப் மிஸ் தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் தராசைப் பார்த்தார். நவம்பரில் 12.8 கிலோ இருந்தவன் 12.1. வளரும் பிள்ளை மூன்று மாதத்தில் கூடாமல் இருப்பதே யோசிக்க வேண்டிய விஷயம், இவன் 700 கிராம் இறங்கியிருந்தான். அட்டையில் மேலே போய்க்கொண்டிருந்த கோடு கீழே சாய்ந்தது. கேட்டதற்கு எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் திட்டவில்லை. கடிதம் எழுதித் தந்து எங்களைக் கண்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

போவதற்கு முன்னாலேயே இன்னொன்று நடந்துவிட்டது. முன்பள்ளியில் யாரோ ஒரு பிள்ளையின் பிறந்தநாள். ஒரு துண்டு கேக் சாப்பிட்டு பத்து நிமிடத்தில் கண்ணிமை இரண்டும் வீங்கி, வாயைச் சுற்றித் தடிப்பு. திரீவீலரில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நல்ல வேளை, மூச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. (மூச்சு இரைத்தாலோ பிள்ளை துவண்டாலோ திரீவீலர் தேடாமல் 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்பியூலன்ஸ் வரும்.) இதே பிள்ளை ஒன்றரை வயதில் அவித்த முட்டையை முழுசாகச் சாப்பிட்டவன். அப்போது ஒன்றுமே ஆகவில்லை.

கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாக பஸ்ஸில் போய், அரசாங்க ஆஸ்பத்திரி வரிசையில் மத்தியானம் வரை உட்கார்ந்தோம். டொக்டர் அம்மா தாளை ஒரு தடவை பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். அவர் கேட்டதெல்லாம் வேறு. எதைச் சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில் என்ன ஆனது? தடிப்பா, வாந்தியா, உதட்டு வீக்கமா? கேக்கைத் தவிர எதற்கும் என்னிடம் பதில் இல்லை. இந்தக் கேள்விகளை அந்த ஏசி அறையில் ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். அந்தத் தாள் பார்ப்பது ஐஜிஜி என்கிற எதிர்ப்புப் பொருளை. ஒரு சாப்பாட்டை உடம்பு சந்தித்திருக்கிறது என்பதைத்தான் அது காட்டும். தினமும் ரொட்டி தின்கிற பிள்ளைக்குக் கோதுமை சிவப்பாக வந்ததில் என்ன ஆச்சரியம்? ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர் சங்கத்தின் குழு 2008இலேயே சொல்லியிருக்கிறது. அதை நான் பிறகு படித்தேன், 40,500 ரூபாய் போன பிறகு. உடனடி ஒவ்வாமைக்குப் பார்ப்பது ஐஜிஈ என்கிற வேறொரு எதிர்ப்புப் பொருளை. அதுவும் தோலில் குத்திப் பார்க்கும் சோதனையும்கூட, பிள்ளைக்கு என்ன நடந்தது என்ற கதையோடு சேர்த்துப் பார்த்தால்தான் அர்த்தப்படும்.

அப்படியானால் சாப்பாட்டை நிறுத்திப் பார்ப்பதே பொய்யா என்று கேட்டேன். இல்லையாம். கரப்பான் கடுமையாக உள்ள சில சின்னப் பிள்ளைகளுக்குப் பாலோ முட்டையோ உண்மையிலேயே காரணமாக இருக்கும். ஆனால் சந்தேகப்படுகிற ஒன்றை, மிஞ்சினால் இரண்டை, இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு நிறுத்த வேண்டும். தோலுக்குப் பூசுவதை அந்த நாட்களில் மாற்றக் கூடாது. அதற்குப் பிறகு அதே சாப்பாட்டைத் திருப்பிக் கொடுத்துப் பார்க்க வேண்டும். முன்பு உடனடியாக வீங்கியிருந்தால் அது ஆஸ்பத்திரியில்தான். கொடுத்தபோது கரப்பான் கூடினால்தான் அது காரணம். கூடாவிட்டால் அந்தச் சாப்பாடு மீண்டும் தட்டுக்கு வர வேண்டும். எனக்கு விற்றது இதில் முதல் பாதியை மட்டும். திருப்பிக் கொடுக்கச் சொன்னால் தாளில் இருக்கும் சிவப்பு ஒவ்வொன்றாக வெளுத்துப்போயிருக்கும், அப்புறம் யார் அங்கே போவார்கள்?

முட்டை விஷயத்தில் டொக்டர் அம்மா அவசரப்பட்டு யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் கரப்பான் உள்ள பிள்ளைக்கு, தாங்கிக்கொண்டிருந்த சாப்பாட்டைப் பல மாதம் நிறுத்தினால் உடம்பு அதை மறந்துபோய், திரும்பச் சாப்பிடும்போது இப்படி வீங்குவது தெரிந்த விஷயம்தான் என்றார்.

டப்பாவைக் காட்டினேன். சோதிக்காமல் உள்ளே என்ன என்று சொல்ல முடியாது, ஆனால் நன்றாக ஊகிக்கலாம் என்றார். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் பிள்ளைகள் ஆஸ்பத்திரியில், பெற்றோர் "நன்றாக வேலை செய்கிறது" என்று கொண்டுவந்த 24 மூலிகை கிரீம்களைச் சோதித்திருக்கிறார்கள். 2003இல் வெளியான ஆய்வு. 20இல் ஸ்டீரொய்ட் இருந்தது. பெயரே ஒட்டாத 17இல் 13. டிஸ்பென்சரி மருந்தை மிளகளவு பூசப் பயந்த நான், பெயர் தெரியாத ஒன்றை மூன்று டப்பா பூசியிருக்கிறேன்.

வைத்தியம் கேட்கவே சாதாரணமாக இருந்தது. வாரத்துக்குக் கால் கிலோ ஈரப்பூச்சு, குளித்து மூன்று நிமிடத்துக்குள். கால் கிலோவா என்று வாயைப் பிளந்தேன். சிவந்த இடத்துக்கு மட்டும் அவர் எழுதித் தந்த ஸ்டீரொய்ட். பெரியவர் ஆட்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கினால் அது அரைக் கிராம், விரல்களோடு சேர்த்துப் பெரியவர் உள்ளங்கை இரண்டு அளவு இடத்துக்குப் போதும். கொதிக்கக் கொதிக்க ஊற்றிக் குளிப்பாட்டுவதையும் வேப்பிலைச் சவர்க்காரத்தையும் விடச் சொன்னார். கம்பளி சுவெட்டர் தோலில் படாமல் உள்ளே பருத்திச் சட்டை. இந்தக் குளிரில் நான்தான் வெறும் உடம்பில் கம்பளியை மாட்டிக்கொண்டிருந்தேன், கழுத்தைச் சுற்றிச் சிவந்திருந்த பழியையும் தக்காளி மேல் போட்டுவிட்டு.

இப்போது பால், கோதுமை, பருப்பு எல்லாம் ஒவ்வொன்றாக வந்துவிட்டன. எதற்கும் தோல் கூடவில்லை. நிறை 13ஐத் தாண்டிவிட்டது. முட்டைக்கு மட்டும் ஆஸ்பத்திரியில் வைத்துச் சோதிக்கத் திகதி தந்திருக்கிறார்கள், அதுவரை வீட்டில் முட்டை வாசமே இல்லை.

யாராவது இப்படி ஒரு தாளோடு வந்தால், எப்போது திருப்பிக் கொடுப்பது என்று கேளுங்கள். அதற்கு நாள் கணக்கில் பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். வெள்ளைக் கோட்டுக்காரர் பெயர் இலங்கை மருத்துவ சபையின் பதிவில் இருக்கிறதா என்று பாருங்கள். பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். 1977 என்ற எண்ணுக்கு அடித்து நுகர்வோர் அதிகாரசபைக்கு முறையிட நினைத்தபோது என் கையில் இருந்தது அந்தத் துண்டுதான், அதில் கடையின் பெயர்கூட இல்லை.

நேற்று மாமியார் ரொட்டி சுட்டார். சம்பல் தொட்டு ஒரு வாய் எடுத்தவன் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். இன்னும் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் கேட்கிறான்: "அம்மா, இது செவப்பா?"