கார்னர் மாநிலப் பூங்காவில் இரவு தங்க: கேபினா, வலைக்குடிலா, கூடாரமா?

டெக்சஸ் மலைநாட்டின் தென்மேற்கு ஓரத்தில், ஃபிரியோ ஆறு சுண்ணாம்புப் பாறைகளை அறுத்துக்கொண்டு ஓடும் வளைவில் அமைந்திருக்கிறது கார்னர் மாநிலப் பூங்கா. சான் அன்டோனியோவிலிருந்து காரில் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அடைந்துவிடலாம் என்பதால், அந்நகரிலும் ஆஸ்டினிலும் ஹூஸ்டனிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் அது எட்டும் தொலைவில்தான் இருக்கிறது. தங்குவதற்கு அங்கே மூன்று வழிகள் உள்ளன: கேபின், 'ஸ்கிரீன்டு ஷெல்டர்' எனப்படும் வலைக்குடில், சொந்தக் கூடாரத்தை அடித்துக்கொள்ளும் கேம்ப்சைட். கட்டணத்தையும் ஆற்றுக்கு எவ்வளவு அருகில் என்பதையும் வைத்தே பெரும்பாலோர் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த இரவு எத்தகையதாக இருக்கும், அதை யாருடன் கழிக்கப் போகிறோம் என்ற இரண்டு கேள்விகளை முதலில் வைத்தால் விடை பெரும்பாலும் மாறிவிடும் என்பது என் கருத்து.

பூங்காவின் பரப்பு 1,774 ஏக்கர். அதனூடே ஆறு 2.9 மைல் நீளத்துக்கு ஓடுகிறது. 1930களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் வேலையற்ற இளைஞர்களுக்குப் பணி தருவதற்காக அமைக்கப்பட்ட 'சிவிலியன் கன்சர்வேஷன் கோர்' படையினர், உள்ளூர்ச் சுண்ணாம்புக் கல்லையும் சைப்ரஸ் மரத்தையும் கொண்டு இதன் முதல் கட்டடங்களை எழுப்பினார்கள். 1941ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பூங்காவுக்கு, அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் துணை அதிபராக இருந்த யுவால்டி நகரத்துக்காரர் ஜான் நான்ஸ் கார்னரின் பெயர் சூட்டப்பட்டது. அக்காலக் கட்டடங்கள் நிற்கும் பகுதியைப் பழைய கார்னர் என்றும், பின்னர் விரிவடைந்த பகுதியைப் புதிய கார்னர் என்றும் சொல்கிறார்கள். கோடை இரவுகளில் ஜூக்பாக்ஸ் பாட்டுக்கு மக்கள் ஆடும் மண்டபம் பழைய பகுதியில் இருக்கிறது. பல தலைமுறைகளாகத் தொடரும் அந்த ஆட்டத்தைப் பார்க்க விரும்புவோருக்கு நடந்தே போய்வரும் தூரத்தில் இடம் கிடைப்பது பெரிய வசதி. சீக்கிரம் உறங்கும் குழந்தைகள் உடன் இருந்தால் அதே அருகாமை தொல்லையாகவும் ஆகலாம்.

கேபினைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. கட்டில், குளிர்சாதனம், சிறு சமையலிடம், உள்ளேயே குளியலறை ஆகியவை இருக்கின்றன. சிலவற்றில் கணப்பும் உண்டு. மூட்டுவலியுள்ள தாத்தா பாட்டியையோ கைக்குழந்தையையோ அழைத்துச் செல்பவர்கள், கட்டணம் கேம்ப்சைட்டைவிடப் பல மடங்கு என்றாலும், கேபினைத் தவிர வேறெதையும் எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை. நள்ளிரவில் கழிப்பறைக்காக இருட்டில் கல்லும் வேருமான பாதையில் நடக்கத் தேவையில்லை என்ற ஒன்றே அந்தப் பணத்துக்கு ஈடாகும். குறை என்று பார்த்தால், கேபின்களின் எண்ணிக்கை மிகவும் குறைவு. அத்துடன் கதவைச் சாத்திக் குளிர்சாதனத்தை ஓடவிட்ட பிறகு ஆற்றின் ஓசையும் இரவுப் பூச்சிகளின் ஒலியும் வெளியிலேயே நின்றுவிடுகின்றன.

கூடாரத்தின் கவர்ச்சியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஓங்கிய சைப்ரஸ் மரங்களின் வேர்கள் தண்ணீருக்குள் இறங்கியிருக்க, ஊற்றுகளால் ஊட்டப்படும் ஆறு கோடையிலும் குளிர்ந்து ஓடும் அந்தக் கரையருகே விடியற்காலையில் கண் விழிப்பதற்கு ஈடான அனுபவத்தை வேறெந்தத் தங்குமிடமும் தராது. கேம்ப்சைட்டில் மேசையும், தீ மூட்டும் இரும்பு வளையமும், தண்ணீர்க் குழாயும் கிடைக்கும். மின்சாரம் எல்லா இடங்களிலும் இல்லை என்பதால் முன்பதிவின்போது கவனித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் அக்டோபரிலும் இதுவே மிகச் சிறந்த வழி. ஆனால் நம்மவர்கள் பெரும்பாலும் பள்ளி விடுமுறையான ஜூன், ஜூலையில்தான் செல்கிறார்கள். பகலில் வெயில் 35 பாகை செல்சியஸைத் தாண்டும் அந்த மாதங்களில், நைலான் கூடாரத்துக்குள் தேங்கிய வெப்பம் இரவு வெகுநேரம் வரை இறங்குவதில்லை. பகலெல்லாம் ஆற்றில் கிடந்து களைத்த பிள்ளைகள் அதற்குள் உறங்குவது எளிதல்ல. வறட்சி ஆண்டுகளில் ஆற்று நீரும் குறைந்து, கரையோரத்தில் தங்குவதன் பயனே பாதியாகிவிடும்.

இதைவிடக் கவலை தருவது வெள்ளம். மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வரும் ஈரக்காற்று பால்கோன்ஸ் மலைவிளிம்பில் மோதி மேலெழும்போது, குறைந்த நேரத்தில் பெருமழை கொட்டுகிறது. சுண்ணாம்புப் பாறையின்மீது படிந்த மெல்லிய மண் அந்த நீரை உறிஞ்சுவதற்குள் அது சரிவுகளில் வழிந்து ஆறுகளில் சேர்ந்துவிடுகிறது. அமெரிக்காவிலேயே திடீர் வெள்ளத்துக்கு மிகவும் ஆளாகும் பகுதிகளில் ஒன்றாக இம்மலைநாடு கருதப்படுவதற்குக் காரணம் இதுதான். 2025 ஜூலை 4ஆம் நாள் விடிவதற்கு முன், வடகிழக்கே உள்ள கெர் கவுண்டியில் குவாடலூப்பே ஆறு பெருக்கெடுத்ததில், விடுமுறை முகாமுக்கு வந்திருந்த சிறுமிகள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். ஃபிரியோவும் அதே மலைநாட்டு ஆறுதான். மேலே எங்கோ பெய்த மழை, நாம் இருக்கும் இடத்தில் ஒரு துளிகூட விழாதபோதும் வெள்ளமாக வந்து சேரக்கூடும். ஆகையால் இடம் தேர்ந்தெடுக்கும்போதே, தண்ணீர் ஏறினால் இருட்டில் எந்த வழியாக மேட்டுக்குப் போவது என்பதைப் பார்த்துவைப்பது அவசியம். கைப்பேசிச் சிக்னலை மட்டும் நம்பாமல், பேட்டரியில் இயங்கும் வானிலை ரேடியோ ஒன்றையும் எடுத்துச் செல்ல வேண்டும். வானிலைத் துறை வெள்ள எச்சரிக்கை விடுத்திருக்கும் இரவில் தாழ்வான கரையில் கூடாரம் அடிப்பதை நான் எந்த நிலையிலும் பரிந்துரைக்க மாட்டேன்.

கேபினுக்கும் கூடாரத்துக்கும் நடுவில் நிற்கும் வலைக்குடிலைப் பலர் படத்தில் பார்த்த மாத்திரத்தில் ஒதுக்கிவிடுகிறார்கள். கூரை, சிமெண்டுத் தரை, பக்கங்களில் கொசுவலை அடித்த சட்டங்கள், ஒரு கதவு, மின்விளக்கு, மின்சாரம் எடுக்கும் பிளக் ஆகியவைதான் அதில் உள்ளவை. கட்டில் கிடையாது, குளிர்சாதனம் கிடையாது, கழிப்பறைக்கும் குளியலுக்கும் பொதுக் கட்டடத்துக்கு நடக்க வேண்டும். ஆனாலும் கோடையில் செல்லும் குடும்பத்துக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். நாற்புறமும் காற்று புகுவதால் வெப்பம் தேங்குவதில்லை. இரண்டு மின்விசிறிகளைக் கொண்டுபோய் வைத்துவிட்டால், நம் ஊர்த் திண்ணையில் படுத்திருப்பதைப் போன்ற உறக்கம் கிடைக்கும். திடீரென மழை வந்தால் நனைந்த கூடாரத்தைச் சுருட்டும் பாடு இல்லை. உணவுப் பெட்டிகளை உள்ளே வைத்துக் கதவை நன்றாகச் சாத்திவிட்டால் இரவில் உணவு தேடி வரும் ரக்கூன் என்னும் விலங்குகளின் தொல்லையும் குறையும். மடக்குக் கட்டில்களும், வலைக்கு உட்புறம் கட்டுவதற்குச் சில பழைய போர்வைகளும் தேவை. விளக்கைப் போட்டால் உள்ளே இருப்பது வெளியில் தெரியும் என்பதால், உடை மாற்றுவதற்கு மறைப்பில்லாமல் சென்ற பெண்கள் மிகவும் சங்கடப்பட நேரும். குளிர்காலத்தில் மட்டும் இது ஏற்றதல்ல. டிசம்பர், ஜனவரி இரவுகளில் உறைநிலை வரை குளிர் இறங்கும்போது வலைச்சுவர் எந்தப் பாதுகாப்பும் தராது. நாய் வளர்ப்பவர்களுக்கும் இது பயன்படாது, ஏனெனில் கேபினுக்குள்ளும் குடிலுக்குள்ளும் வளர்ப்பு விலங்குகளுக்கு அனுமதியில்லை.

சமையலைப் பொறுத்தவரை, கேபினின் சிறு சமையலிடம் காபிக்கும் பால் காய்ச்சுவதற்கும் போதும். பத்துப் பேருக்குச் சோறும் குழம்பும் வைப்பவர்கள் எங்கே தங்கினாலும் வெளியில்தான் அடுப்பு வைக்க வேண்டியிருக்கும். வறண்ட காலத்தில் தீ மூட்டத் தடை விதிக்கப்படுவது வழக்கமாதலால் விறகை நம்பாமல் கேஸ் அடுப்பைக் கொண்டுசெல்வது நல்லது. பூங்காவுக்குள் விறகு பொறுக்கவும் அனுமதியில்லை.

முன்பதிவு ஐந்து மாதங்களுக்கு முன்பே திறக்கிறது. ஜூலை வார இறுதியில் கேபின் வேண்டுமென்றால் பிப்ரவரியிலேயே, பதிவு திறக்கும் நாளில் உட்கார்ந்துவிட வேண்டும். பிந்திவிட்டவர்கள் வார நாட்களைப் பார்க்கலாம், அல்லது ரத்தாகும் இடங்களுக்காக மாநிலப் பூங்காத் துறையின் தளத்தை அடிக்கடி திறந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். தங்கும் கட்டணத்துடன், 12 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் நுழைவுக் கட்டணம் நாள்தோறும் தனியாக உண்டு. நான்கைந்து பெரியவர்கள் இரண்டு மூன்று நாள் தங்குவதாக இருந்தால், ஒரே வண்டியில் வரும் அனைவருக்கும் நுழைவுக் கட்டணத்தை நீக்கிவிடும் ஆண்டு அனுமதிச் சீட்டை வாங்குவதே பெரும்பாலும் சிக்கனம்.