வீட்டுக்குள் ஒரு 1862 ராணுவ ரயில்: ஆறு வருடம் ஓட்டிய அனுபவம்

அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால நீராவி ரயிலை வைத்து ஒரு மாதிரி ரயில்பாதை கட்டலாமா என்று நண்பர்கள் கேட்கும்போது, கட்டுங்கள் என்றுதான் சொல்கிறேன். ஆனால் எஞ்சினின் அழகை மட்டும் பார்த்து இறங்க வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்வேன். நான் அப்படித்தான் இறங்கினேன். பலூன்போல உப்பிய புகைபோக்கி, சிவப்புச் சக்கரங்கள், பித்தளை மணி என்று கடை அலமாரியில் பார்த்ததும் வாங்கிவிட்டேன். முதல் ஒன்றரை வருடம் அது நாலு அடி ஓடும், நிற்கும். விரலால் தள்ளினால் இன்னும் இரண்டு அடி போகும். அப்போதும் நான் விட்டுவிடாமல் இருந்ததற்குக் காரணம் எஞ்சின் இல்லை, அது ஓடிய பாதையின் கதை.

நான் இருப்பது வடக்கு வர்ஜீனியாவில். வீட்டிலிருந்து முக்கால் மணி நேரம் காரில் போனால் அக்வையா லேண்டிங். இன்று அது பொட்டோமாக் ஆற்றங்கரையில் ஒரு பூங்கா. கோடையில் குழந்தைகள் மணலில் விளையாடுகிறார்கள். 1862-ல் அது வட மாநிலப் படையான யூனியன் ராணுவத்தின் கப்பல் துறை. கப்பலில் வந்த சரக்கு அங்கே ரயிலேறி, ஃபிரெடரிக்ஸ்பர்க் நகருக்கு எதிர்க்கரையில் இருக்கும் ஃபால்மத் வரை போகும். ஏறக்குறைய 13 மைல், ஒற்றைப் பாதை. அந்த வருட வசந்தத்தில் தென் மாநிலப் படை பின்வாங்கும்போது துறையை அழித்து, தண்டவாளத்தைப் பெயர்த்து, பாலங்களையும் இல்லாமல் செய்துவிட்டுப் போனது. அதைத் திரும்ப ஓடவைக்க வந்த பொறியாளர் ஹெர்மன் ஹாப்ட். அவருக்குக் கிடைத்த ஆட்கள் இந்த வேலையே தெரியாத சாதாரணப் படைவீரர்கள். கருவிகள் போதவில்லை, மழையும் விடவில்லை. அப்படியிருந்தும் பொட்டோமாக் கிரீக் என்ற ஓடையின் மேல் 400 அடி நீளம், சுமார் 80 அடி உயரத்துக்கு ஒரு மரப்பாலத்தை ஒன்பது வேலை நாளில் நிறுத்திவிட்டார். எல்லாம் பக்கத்துக் காட்டில் அப்போதுதான் வெட்டிய உருட்டு மரங்கள். மே மாதம் நேரில் வந்து பார்த்த அதிபர் லிங்கன், அதில் இருப்பது அவரைக்கொடிக்கு நடும் கம்பும் சோளத்தட்டையும்தான், அதன் மேல் சரக்கோடு மணிக்கொரு ரயில் போகிறது என்று வியந்து சொன்னார்.

அந்தப் பாலத்தைக் கட்ட வேண்டும் என்ற ஆசைதான் என் பாதைக்கு ஒரு உருவம் கொடுத்தது. ஹெச்ஓ அளவில், அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கில், பாலம் 55 அங்குல நீளம், 11 அங்குல உயரம் வரும். ஒரு சுவரோரம் தாராளமாக அடங்கும். முழு 13 மைலையும் அளவுப்படி போட வேண்டுமென்றால் ஏறக்குறைய 800 அடி வேண்டும். என் பேஸ்மென்ட்டில் எல் வடிவத்தில் 26 அடிதான் இருக்கிறது. ஒரு முனையில் துறை, நடுவில் பாலம், மறு முனையில் ஃபால்மத். மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். இந்தக் காலத்து ரயிலின் பெரிய வசதியே இதுதான். ஒரு 28 அடிப் பெட்டி ஹெச்ஓவில் நாலு அங்குலம்கூட வராது. எட்டுப் பெட்டி கோத்தாலும் மூன்றடிக்குள் அடங்கிவிடும். பிற்கால டீசல் ரயில்களை வைத்திருந்தால் இதே இடத்தில் ஒரு ஸ்டேஷனைத்தான் காட்டியிருக்க முடியும்.

சரி, எஞ்சினுக்கு வருகிறேன். இந்தப் போரின் எஞ்சின் என்றால் 4-4-0 வகை: முன்னால் நாலு சின்னச் சக்கரம், அதன் பின்னால் இழுக்கிற நாலு பெரிய சக்கரம். பாய்லர் மிக ஒல்லி. மோட்டார், எடை, மோட்டாரைக் கட்டுப்படுத்தும் சின்ன மின்னணுச் சில்லான டீகோடர் என்று எதற்கும் உள்ளே இடம் போதாது. அதனால் பழைய மாடல்கள் பலவற்றில் மோட்டாரை, எஞ்சினுக்குப் பின்னால் விறகு ஏற்றி வரும் டெண்டர் என்ற வண்டிக்குள் வைத்திருப்பார்கள். என் முதல் எஞ்சின் அந்த வகை. ஒரு பக்கத் தண்டவாளத்திலிருந்து எஞ்சின் சக்கரமும், மறு பக்கத்திலிருந்து டெண்டர் சக்கரமும் மின்சாரம் எடுக்கும். ஏதாவது ஒரு சக்கரத்தில் தூசி ஒட்டினாலும் போதும், நின்றுவிடும். பாதை பிரியும் இடத்தில் இருக்கிற பிளாஸ்டிக் முனையைத் தாண்டும்போது கட்டாயம் நிற்கும்.

மூன்று வேலை செய்த பிறகுதான் இது தீர்ந்தது. எல்லாச் சக்கரத்தையும் லேசாக உரசுகிற மாதிரி மெல்லிய பாஸ்பர் வெண்கலக் கம்பிகளை வைத்து, எஞ்சினையும் டெண்டரையும் ஒயரால் இணைத்தேன். டெண்டரின் விறகுக் குவியலுக்கு அடியில் டீகோடரோடு, கொஞ்சம் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் ஒரு கெபாசிட்டரையும் வைத்தேன். அரை விநாடி மின்சாரம் விட்டுப்போனாலும் எஞ்சின் தடுமாறாது. பாதை பிரியும் முனைகளை உலோகத்துக்கு மாற்றி, அவற்றுக்கும் மின்சாரம் கொடுத்தேன். அதற்கப்புறம் நாலரை வருடமாக விரலால் தள்ளிய நினைவில்லை. புதிதாக வாங்குகிறவர்கள் பெயின்ட்டையும் சத்தத்தையும் பார்ப்பதற்கு முன், எத்தனை சக்கரம் மின்சாரம் எடுக்கிறது என்று கேளுங்கள்.

மூன்றாம் வருடம் டக் டக் என்று ஒரு சத்தம். இழுக்கும் அச்சில் இருந்த நைலான் பல்சக்கரம் விரிசல் விட்டிருந்தது. இரும்பு அச்சில் இறுக்கமாக ஏற்றிய நைலான் வருடக்கணக்கில் இப்படிப் பிளக்கும். ஓட்டாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் பிளக்கும். பழைய எஞ்சின் வாங்கினால் இந்த உதிரிப் பாகம் கிடைக்கிறதா என்று முதலில் தேடிப் பாருங்கள். இழுவையும் கொஞ்சம்தான். சமதளத்தில் எட்டுப் பெட்டி இழுப்பது, நூற்றுக்கு இரண்டு ஏற்றத்தில் ஐந்தோடு திணறியது. எடை கூட்டுவதற்காகப் பாய்லருக்குள் டங்ஸ்டன் பிசினை அடைத்த பிறகு ஏழு இழுக்கிறது.

தண்டவாளத்தில் எல்லோரும் கவனிக்காமல் விடுகிற ஒரு விஷயம் உண்டு. கடையில் சுலபமாகக் கிடைப்பது கோடு (code) 100 என்ற அளவு. உயரம் 0.1 அங்குலம். அதை 87-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 9 அங்குலம் வரும். அந்தக் காலத் தண்டவாளம் அதில் பாதிகூட இருந்திருக்காது. கோடு 55-க்கு மாறியதும் அதே எஞ்சின் திடீரென்று கம்பீரமாகத் தெரிந்தது. ஜல்லி போடவில்லை. ஒழுங்கில்லாமல் வெட்டிய ஸ்லீப்பர் கட்டைகளை மண்ணிலேயே பதித்தேன், ராணுவம் அவசரத்தில் போட்ட பாதை என்று தெரிகிற மாதிரி. ஒரே சிக்கல், பழைய சக்கரங்களின் ஆழமான விளிம்பு ஆணித்தலையில் இடிக்கும். பெட்டிச் சக்கரம் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருந்தது.

கப்ளிங்கில் நான் கொள்கையை விட்டுக்கொடுத்தேன். அன்று பெட்டிகளை இணைத்தது ஒரு இரும்பு வளையமும் ஊசியும். இரண்டு பெட்டிக்கு நடுவே கையை நீட்டி ஊசியைப் போடுவார்கள். அதில் விரலையும் கையையும் இழந்தவர்கள் ஏராளம். ஹெச்ஓவில் அந்த வளையம் ஒரு அரிசிமணி அளவுகூட வராது. இரண்டு வருடம் இடுக்கியோடு போராடிப் பார்த்துவிட்டு, தானாகக் கவ்விக்கொள்ளும் கப்ளிங்குக்கு மாறினேன். அதன் மூல வடிவத்துக்குக் காப்புரிமை 1873-ல்தான் வந்தது, என் ரயிலுக்குப் பதினோரு வருடம் கழித்து. வாங்கியவர் ஈலை ஜேனி, தென் மாநிலப் படையில் அதிகாரியாக இருந்து, போருக்கப்புறம் இங்கே பக்கத்தில் அலெக்ஸாண்ட்ரியாவில் கடைச் சிப்பந்தியாக இருந்தவர். காலம் தப்புதான். ஆனால் அந்த வளைய ஊசியோடு மல்லுக்கட்டியவனுக்கு அவர் மேல் மரியாதை வருகிறது.

பாலத்துக்கு நாலு மாதம் ஆனது. தோட்டத்துப் புதர்களின் மெல்லிய குச்சிகளைப் பட்டையோடு வெட்டினேன். கீழ் அடுக்கு கட்டைகளைக் கூண்டுபோல் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கியது. அதற்கு மேலே மூன்று அடுக்குக் கால்கள். ராணுவத்துக்காகப் படமெடுத்த ஆண்ட்ரூ ரஸ்ஸலின் புகைப்படங்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையத் தொகுப்பில் இருக்கின்றன. அவர் 1863-ல் எடுத்த படங்களைப் பெரிதாக்கி வைத்து, மரங்களை எப்படி இணைத்தார்கள் என்று பார்த்துக்கொண்டேன். செய்த தப்பு ஒன்று: பச்சைக் குச்சியை அப்படியே ஒட்டியது. இரண்டாம் வருடம் குச்சிகள் காய்ந்து சுருங்கி மூட்டுகள் விட்டன, ஒரு காலில் பூச்சியும் வைத்தது. இப்போது எந்தக் குச்சியானாலும் ஓவனில் குறைந்த சூட்டில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டுத்தான் தொடுகிறேன்.

தண்டவாளம் வளைந்ததும் அந்த இரண்டாம் வருடக் குளிர்காலத்தில்தான். வெயிலில் வளையும் என்றுதான் நினைத்திருந்தேன். ஹீட்டர் போட்டதும் காற்று வறண்டு, அடியில் இருந்த மரச்சட்டம் சுருங்கிவிட்டது. தண்டவாளம் சுருங்கவில்லை, போக இடமின்றிப் பாம்புபோல் நெளிந்தது. இணைப்புகளில் மெல்லிய இடைவெளி வெட்டி, ஈரப்பதத்தை 50 விழுக்காட்டை ஒட்டி வைத்த பிறகு அது திரும்ப நடக்கவில்லை.

நிறத்துக்கும் ஒரு வார்த்தை. கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்து என் இரண்டாவது எஞ்சினுக்கு முழுக்கக் கறுப்பு அடித்தேன். அந்தக் கால எஞ்சின்கள் கோயில் தேர் மாதிரி இருந்தவை. சிவப்புச் சக்கரம், மெருகேற்றிய பித்தளை, நீலச்சாம்பல் மின்னும் இரும்புத் தகடு போர்த்திய பாய்லர். சுரண்டி எடுத்துவிட்டுத் திரும்ப அடித்தேன்.

இத்தனையும் செய்து முடித்த பிறகு, ஓட்டும்போதுதான் இந்தப் பாதை தன் முழு அழகையும் காட்டியது. நான் மணிக்கு 10 மைல் வேகத்தைத் தாண்டுவதில்லை. ஹெச்ஓவில் அது ஒரு மீட்டருக்கு இருபது விநாடி. ஹாப்டின் விதிகளையே எடுத்துக்கொண்டேன்: துறைக்கு வந்த பெட்டியை நிறுத்திவைக்கக் கூடாது, உடனே இறக்கித் திருப்பி அனுப்ப வேண்டும். எந்தத் தளபதியும் ரயிலைத் தன் இஷ்டத்துக்கு நிறுத்தக் கூடாது. தந்தியை நம்ப முடியாத நேரத்தில் நாலைந்து ரயிலை ஒன்றன்பின் ஒன்றாக ஒரு கூட்டமாக அனுப்பிவிட்டு, அவை எல்லாம் திரும்பிய பிறகே அடுத்த கூட்டம். குதிரைத் தீவனம், ரொட்டி, வெடிமருந்து என்று ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதி வைத்திருக்கிறோம். போன டிசம்பரில், 1862-ல் ஃபிரெடரிக்ஸ்பர்க் சண்டை நடந்த அந்த வாரத்தை ஓட்டிக்கொண்டிருந்தோம். பதினொரு வயது மகள் ஃபால்மத் பக்கம் உட்கார்ந்திருந்தாள். "அப்பா, காயம்பட்டவங்க பெட்டிய முதல்ல அனுப்பிடலாம், தீவனம் அப்புறம் வரட்டும்" என்று என்னைக் கேட்காமலே சீட்டை மாற்றி வைத்தாள். அன்று நாங்கள் இரண்டு பேரும் ரொம்ப நேரம் பேசவில்லை.

துறையில் நான் வைத்திருக்கும் பொம்மைகளில் படைவீரர்கள் பாதிப் பேர்தான். மற்றவர்கள் மூட்டையும் குழந்தையுமாக நிற்கும் கறுப்பின மக்கள். 1862-ல் ஃபிரெடரிக்ஸ்பர்க்கை ஒட்டி ஓடும் ராப்பஹானக் ஆற்றைக் கடந்து, அடிமைத்தளையை உதறி, இந்தத் துறை வழியாக ஆயிரக்கணக்கானோர் வடக்கே போனார்கள். அதற்கும் முன்னால், 1849-ல், அடிமையாக இருந்த ஹென்றி பிரவுன் என்பவர் தப்பிப்பதற்காக ஒரு மரப்பெட்டிக்குள் தன்னையே அடைத்து ரிச்மண்டிலிருந்து ஃபிலடெல்ஃபியாவுக்குச் சரக்காக அனுப்பவைத்தார். அந்தப் பெட்டியும் இதே ரயில்பாதையில் வந்து இங்கே கப்பலேறியது. எஞ்சினும் பீரங்கியும் மட்டும் வைத்தால் இந்தப் பாதை பொய்யாகிவிடும் என்பது என் உறுதியான கருத்து.

செலவு என்று பார்த்தால் ஆறு வருடத்தில் நான்கு எஞ்சின், இருபத்திரண்டு பெட்டி, மரம், ஒயர் எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து நூறு டாலர் ஆகியிருக்கிறது. அதில் முதல் வருடம் அவசரப்பட்டு வாங்கியதில் பாதி இன்று அலமாரியில் தூங்குகிறது. ஓடுகிற ஒரு எஞ்சினும் ஆறு பெட்டியும் இருந்தால் ஆரம்பிக்கப் போதும்.

இப்போது படகு வேலை நடக்கிறது. 1862 கடைசியில் ஹாப்ட் இரண்டு தோணிகளைப் பக்கம் பக்கமாகக் கட்டி, மேலே தண்டவாளம் போட்டு, பெட்டிகளைச் சரக்கோடு அப்படியே அலெக்ஸாண்ட்ரியாவிலிருந்து அக்வையாவுக்கு ஆற்றில் கொண்டுவந்தார். என் தோணி தயார். துறையின் தண்டவாளமும் தோணியின் தண்டவாளமும் அரை மில்லிமீட்டர் விலகினாலும் பெட்டி தடம் புரள்கிறது. பித்தளைக் குழாயும் ஊசியும் வைத்துப் பூட்டிப் பார்க்கிறேன். நேற்று இருபது முறையில் பதினெட்டு முறை சரியாக ஏறியது.