பிஎஸ்6 டீசல் காரும் கரி வடிகட்டியும்: ஐந்து வருட ஓட்டத்துக்குப் பிறகு

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 என்கிற புகைக் கட்டுப்பாட்டுத் தரம் கட்டாயமானது. அன்று சாலைக்கு வந்த டீசல் கார்கள் ஐந்து வருடத்தைத் தாண்டிவிட்டன. எஞ்சின் மேல் பெரிய குறை சொல்ல ஒன்றுமில்லை. 1.5 லிட்டர் டீசலின் இழுவையும் நெடுஞ்சாலை மைலேஜும் இன்றும் மனசுக்கு நிறைவாகத்தான் இருக்கின்றன. தகராறு எல்லாம் எக்ஸாஸ்ட் பக்கம். டிபிஎஃப் என்கிற கரி வடிகட்டி அடைத்து, வண்டி இழுக்காமல் போய், லட்சத்தைத் தொடும் எஸ்டிமேட் கைக்கு வருகிறது. அப்படி வந்த வண்டிகளின் ஓட்டத்தைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே கதைதான்: பள்ளிக்கூடம், காய்கறிக் கடை, ஆபீஸ் என்று நாளைக்கு நாலைந்து கிலோமீட்டர், அதுவும் இரண்டாம் கியரைத் தாண்டாமல்.

பிஎஸ்4 டீசல் கார் கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் வரை துகளை வெளியே விடலாம். பிஎஸ்6-ல் அந்த எல்லை 4.5 மில்லிகிராம். எஞ்சினுக்குள் என்ன வித்தை செய்தாலும் அந்த அளவுக்கு இறங்குவது கடினம். அதனால் கரியை வழியிலேயே பிடித்து வைக்க ஒரு பீங்கான் தேன்கூடு. அதன் குழாய்கள் ஒன்றுவிட்டு ஒன்று எதிரெதிர் முனையில் மூடியிருக்கும். புகை உள்ளே வந்து, சுவரின் நுண்துளை வழியாகக் கசிந்து, பக்கத்துக் குழாயில் வெளியேற வேண்டும். கரி சுவரில் தங்கிவிடும். தங்கிய கரியை அவ்வப்போது எரித்தாக வேண்டும். இதைத்தான் ரீஜென் என்கிறார்கள்.

ரீஜென் இரண்டு விதம். நெடுஞ்சாலையில் எஞ்சின் பாரத்தோடு ஓடும்போது எக்ஸாஸ்ட் சூட்டிலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கரி எரிவது ஒன்று. அது போதாதபோது எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டரான ஈசியூ தானாக முடிவெடுத்து, வழக்கமான தெளிப்புக்குப் பிறகு சிலிண்டரில் கூடுதல் டீசலைத் தெளித்து, வடிகட்டியை 600 டிகிரி செல்சியஸ் பக்கம் சூடாக்குவது இன்னொன்று. இந்த இரண்டாவது ரீஜென் முடிய 10 முதல் 20 நிமிடம் ஆகும். வண்டி நடுவில் நின்றுவிட்டால் வேலை பாதியில் நிற்கும். அடுத்த ஓட்டத்தில் மறுபடி முதலிலிருந்து. நாலு கிலோமீட்டர் ஓட்டத்தில் எஞ்சின் சூடாகவே நேரம் போய்விடுகிறது, ரீஜென் எங்கே முடிவது?

பல வண்டிகளில் ரீஜென் நடக்கும்போது டேஷ்போர்டில் எந்த விளக்கும் எரியாது. ஆனால் வண்டி சொல்லும், கவனித்தால் போதும். சிக்னலில் நிற்கும்போது வழக்கமாக 800 ஆர்பிஎம் பக்கம் இருக்கும் ஐடில் வேகம் 950, 1000 என்று ஏறி நிற்கும். எக்ஸாஸ்ட் சத்தம் கனத்துக் கேட்கும். ஸ்டார்ட்-ஸ்டாப் வேலை செய்யாது. உடனடி மைலேஜ் காட்டும் கோடு காரணமில்லாமல் விழும். இறங்கினால் சூடான இரும்பு வாடை அடிக்கும். எஞ்சினை அணைத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டே இருந்தால் சந்தேகமே வேண்டாம், நடுவில் நிறுத்திவிட்டீர்கள். ஒரு தடவை நிறுத்தினால் ஒன்றும் ஆகாது. அதுவே பழக்கமானால்தான் கெடுதல். இந்த அறிகுறிகள் தெரிந்தால் வீட்டு வாசலில் நிறுத்தாமல் இன்னும் பத்து, பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு வாருங்கள்.

நகருக்குள்ளேயே ஓடும் வண்டியை வாரம் ஒரு முறை வெளியே கொண்டுபோக வேண்டும். சென்னை என்றால் விடிகாலையில் தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை ஒரு நடை போதும். எஞ்சின் சூடான பிறகு 20 முதல் 25 நிமிடம், மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில், டேக்கோமீட்டர் முள் 2,000 முதல் 2,500 ஆர்பிஎம்முக்குள் நிற்கிற மாதிரி. அதற்கு ஒரு கியர் குறைத்து ஓட்டினாலும் சரி. சீறவிட வேண்டிய அவசியமே இல்லை. விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே சீராகப் போவதுதான் முக்கியம். மலை இறக்கம் இதற்கு உதவாது. ஆக்சிலேட்டரை விட்டு இறங்கும்போது டீசல் செல்வதில்லை, எக்ஸாஸ்ட் குளிர்ந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை இங்கேயே. கிராமத்துச் சாலைகளில் அறுவடை சமயத்தில் கொள்ளு, உளுந்துச் செடிகளைத் தாரில் பரப்பி வைத்திருப்பார்கள், வண்டி ஏறினால் தானாக அடிபடும் என்று. சாதாரண நாளிலேயே அது அச்சிலும் எக்ஸாஸ்டிலும் சுற்றிக்கொள்ளும். ரீஜென் நேரத்தில் வண்டியின் அடிப்பக்கம் இருக்கும் சூட்டுக்குக் காய்ந்த சருகு பற்றிக்கொள்ள வெகுநேரம் ஆகாது. ஏறத்தான் வேண்டியிருந்தால், தாண்டியதும் ஓரமாக நிறுத்திக் குனிந்து பாருங்கள். காய்ந்த புல், வைக்கோல் மேல் பார்க் செய்யவே கூடாது.

ஒழுங்காக ஓட்டியும் ரீஜென் நடக்கவில்லை என்றால் வடிகட்டியைக் குறை சொல்லுமுன் வேறு நாலு இடத்தைப் பார்க்க வேண்டும். டேங்கில் டீசல் ரிசர்வுக்குப் போயிருந்தால் பல வண்டிகள் ரீஜென் தொடங்காது. கால் டேங்குக்குக் கீழே விடாதீர்கள். செக் எஞ்சின் விளக்கு வேறு ஏதோ காரணத்துக்காக எரிந்துகொண்டிருந்தாலும் அப்படியே. மூன்றாவது, கூலன்ட் சூட்டைக் கட்டுப்படுத்தும் வால்வான தெர்மோஸ்டாட். இது திறந்தபடி சிக்கிக்கொண்டால் கூலன்ட் சூடு 60, 65 டிகிரியிலேயே நிற்கும். ஓட்டுபவருக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது, வண்டி ‘கூலாக’ ஓடுகிறது என்று சந்தோஷம்கூடப் படுவார். ஈசியூவோ எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று காத்துக்கொண்டே இருக்கும். நெடுஞ்சாலையில் அரை மணி ஓடிய பிறகும் கூலன்ட் 80 டிகிரியைத் தொடவில்லை என்றால் முதலில் மாற்ற வேண்டியது அந்தச் சின்னப் பாகத்தை. பெரிய பாகத்தை மாற்றிவிட்டு இதை விட்டுவைத்தால் புதியதும் அடைக்கும்.

நாலாவது இடம் பிரஷர் சென்சார். வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தை வைத்துத்தான் உள்ளே எவ்வளவு கரி என்று ஈசியூ கணக்குப் போடுகிறது. சென்சாருக்குப் போகும் ரப்பர் குழாய்கள் சூட்டில் வெடிக்கும், எலி கடிக்கும், வேலை பார்த்தவர் இடம் மாற்றியும் மாட்டியிருப்பார். சோதிப்பது சுலபம். சாவியை ஆன் செய்து எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் ஸ்கேனரில் பாருங்கள்: வித்தியாசம் பூஜ்யம் காட்ட வேண்டும். காற்றே ஓடாதபோது வேறு எண் வந்தால் சென்சார்தான் பொய் சொல்கிறது. ஸ்டார்ட் செய்து ஐடிலில் விட்டால் சில மில்லிபார், மிதித்தால் சீராக ஏறி, விட்டால் இறங்க வேண்டும்.

இதற்கெல்லாம், வண்டியின் சோதனை சாக்கெட்டில் செருகி எண்களைப் போனில் காட்டும் ஒரு ஓபிடி ப்ளூடூத் கருவி இருந்தால் பெரிய உதவி. கூலன்ட் சூடு, கரி அளவு, கடைசி ரீஜெனுக்குப் பிறகு ஓடிய தூரம் மூன்றையும் மாதம் ஒருமுறை குறித்து வையுங்கள். எல்லா வண்டியும் எல்லா எண்ணையும் தராது, அந்த மாடலுக்கான ஆப் தேட வேண்டியிருக்கும். ரீஜெனுக்கு ரீஜென் ஓடும் தூரம்தான் இதில் நல்ல அளவுகோல். 400 கிலோமீட்டருக்கு ஒருமுறை நடந்துகொண்டிருந்தது 150-க்கு வந்துவிட்டால் ஏதோ சரியில்லை.

அடுத்தது ஆயில். ரீஜெனுக்காகத் தெளிக்கும் டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரில் பட்டு, பிஸ்டன் ரிங் வழியாக, அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் இறங்கும். முழு ரீஜெனும் அதன் பிறகு நல்ல ஓட்டமும் இருந்தால் அது ஆவியாகிவிடும். பாதியில் நின்ற ரீஜென்கள் சேரச் சேர ஆயில் அளவு குறைவதற்குப் பதில் ஏறும். மற்ற வண்டிகளில் ஆயில் குறைகிறதா என்று பார்ப்போம், இதில் கூடுகிறதா என்று பார்க்க வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் அணைத்துப் பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைத் துடைத்து மறுபடி விட்டு எடுங்கள். மேல் கோட்டுக்கு மேலே போயிருந்தாலோ, முகர்ந்தால் டீசல் வாடை தூக்கலாக இருந்தாலோ, ஆயில் தண்ணீர் போல விரலில் வழுக்கினாலோ, கிலோமீட்டர் ஆகவில்லை என்று காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள். நீர்த்த ஆயில் முதலில் பதம் பார்ப்பது டர்போவின் பேரிங்கை. நகர ஓட்டம் மட்டும் என்றால் 10,000 கிலோமீட்டர் இடைவெளியை 7,500 ஆகக் குறைப்பது நல்லது.

என்ன ஆயில் என்பது இன்னும் முக்கியம். அடுப்பில் கரி எரிந்துவிடும், சாம்பல் எரியாது. வடிகட்டிக்குள்ளும் அதேதான். கரி டீசலிலிருந்து வருகிறது, ரீஜெனில் போய்விடும். சாம்பல் ஆயிலில் கலந்துள்ள கால்சியம், துத்தநாகச் சேர்மங்களிலிருந்து வருகிறது; எந்தச் சூட்டுக்கும் போகாது, வடிகட்டிக்குள் நிரந்தரமாகக் குடியேறும். அதனால்தான் ஐரோப்பிய கார் தயாரிப்பாளர் சங்கமான ஏசிஇஏ வகுத்த, சாம்பல் குறைந்த சி2, சி3 தர ஆயில்களைக் கையேடு கேட்கிறது. சி3-ல் சல்பேட் சாம்பல் 0.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பழைய ஏ3/பி4 தரத்தில் அதன் இரண்டு மடங்கு வரை இருக்கலாம். டப்பாவில் 5டபிள்யூ-30 என்று மட்டும் பார்த்து வாங்குவதில்தான் பலர் தவறுகிறார்கள். அது கெட்டித்தன்மைதான். சி3 என்று பின்பக்கம் தனியாக அச்சிட்டிருக்க வேண்டும். வெளி ஒர்க்‌ஷாப்பில் டிரம்மிலிருந்து லாரிக்கு ஊற்றும் 15டபிள்யூ-40 சிஐ-4 ஆயிலை ஊற்ற வந்தால் கண்டிப்பாகத் தடுத்துவிடுங்கள். ஆயிலை நீங்களே வாங்கி, சீலை உங்கள் முன்னால் உடைக்கச் சொல்வது இன்னும் நிம்மதி.

டீசல் ஃபில்டரில் சிக்கனம் வேண்டாம். எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் தரும் பொதுக் குழாயான காமன் ரெயிலில் அழுத்தம் 1,600 பாருக்கு மேல் போகும். அந்த இன்ஜெக்டர் முனைக்குத் தண்ணீரும் தூசியும் ஆகாது. ஒழுகும் இன்ஜெக்டர் கரியைக் கூட்டும், கரி வடிகட்டியை அடைக்கும். கையேடு சொல்லும் கிலோமீட்டரில் ஃபில்டரை மாற்றுங்கள், மழைக்காலத்தில் அடியில் உள்ள திருகைத் தளர்த்தித் தண்ணீரை வடியுங்கள். மாற்றிய பிறகு ஹேண்ட் பம்பை அழுத்தியோ, சாவியை நாலைந்து முறை ஆன் செய்து விட்டோ காற்றை வெளியேற்றிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஹை-பிரஷர் பம்புக்கு மசகே டீசல்தான், காய்ந்து சுற்றினால் தேயும்.

ஏர் ஃபில்டர் அடைத்தாலும், புகையில் ஒரு பங்கை மறுபடி எஞ்சினுக்குள் விடும் இஜிஆர் வால்வு தார் போலப் பிசுபிசுத்துச் சிக்கினாலும் கரி கூடும். இஜிஆர் கோளாறுக்கு ஸ்கேனரில் பி0401 போன்ற பிழைக் குறியீடு வரும், கிளம்பும்போது வண்டி தயங்கும். கழற்றிச் சுத்தம் செய்யலாம். மாட்டும்போது கேஸ்கெட் புதிதாகப் போட வேண்டும், வால்வின் நிலையை ஈசியூ புதிதாகக் கற்றுக்கொள்ள ஸ்கேனரில் அடாப்டேஷன் செய்ய வேண்டும். உள்ளே வரும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரை அதற்கென்று விற்கும் ஸ்ப்ரேயால் மட்டும் கழுவுங்கள், கார்புரேட்டர் கிளீனர் அதன் மெல்லிய கம்பியைக் கெடுத்துவிடும்.

2023-க்குப் பிந்தைய பல வண்டிகளில், நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க எக்ஸாஸ்டில் தெளிக்கும் ஆட்ப்ளூ திரவத்துக்கான டேங்கும் சேர்ந்துவிட்டது. ஆட்ப்ளூ என்பது 32.5 சதவீத யூரியாவும் மிகச் சுத்தமான தண்ணீரும். உர யூரியாவைக் கரைத்து ஊற்றினால் பம்பும் தெளிப்பானும் போய்விடும். மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி அடுக்கவும் வேண்டாம். 30 டிகிரியில் ஒரு வருடம் தாங்குவது 35 டிகிரியில் ஆறு மாதம்தான் தாங்கும், நம் ஊர் வெயிலில் டிக்கிக்குள் கேன் கிடந்தால் சொல்லவே வேண்டாம். தவறி டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் சாவியை ஆன்கூடச் செய்யாமல் டோ செய்து டேங்கைக் காலி செய்யுங்கள்.

டிபிஎஃப் விளக்கு எரிந்தால் முதல் கட்டம் மேலே சொன்ன நெடுஞ்சாலை ஓட்டம். விளக்கு அணைந்துவிட்டால் முடிந்தது. விளக்கு மின்னினாலோ, கூடவே செக் எஞ்சின் விளக்கும் சேர்ந்து வண்டி இழுக்காமல் போனாலோ மேலும் ஓட்டிப் பார்க்க வேண்டாம். கரி ஒரு அளவைத் தாண்டினால் ஈசியூ தானாக எரிக்க மறுத்துவிடும். அவ்வளவு கரியும் ஒரே நேரத்தில் பற்றினால் பீங்கான் வெடித்துவிடும் என்பதால்தான். அப்போது பி2463 பிழைக் குறியீடு வரும். ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் வைத்து, நிறுத்திய வண்டியிலேயே ரீஜெனைக் கட்டாயமாகத் தொடங்கும் ஃபோர்ஸ்டு ரீஜென் செய்வது அடுத்த கட்டம். திறந்த வெளியில், தரையில் எரியக்கூடியது எதுவும் இல்லாத இடத்தில் செய்ய வேண்டும், முடிந்ததும் ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். அதிலும் சரியாகாவிட்டால் கழற்றி, எதிர்த்திசையில் காற்றும் தண்ணீரும் செலுத்திக் கழுவலாம். சாம்பல் வெளியேறும் ஒரே வழி இதுதான். காரணத்தைச் சரிசெய்யாமல் கழுவினால் மட்டும் பிரயோசனமில்லை.

வடிகட்டியை வெட்டி உள்ளே இருப்பதைக் கொத்தி எடுத்துவிட்டு, ஈசியூவில் வடிகட்டிக் கண்காணிப்பை ‘டிலீட்’ செய்து தருகிறோம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 வண்டியின் அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது, வாரன்டியும் போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் கரியைச் சிக்னலில் பின்னால் ஸ்கூட்டரில் நிற்கிற குழந்தை மூச்சில் இழுக்கும்.

நாளைக்குப் பத்து கிலோமீட்டருக்குள்தான் ஓட்டம், வாரக் கடைசியிலும் வண்டி ஷெட்டில்தான் என்றால் டீசலே வேண்டாம், பெட்ரோல் வாங்குங்கள். நெடுஞ்சாலை ஓட்டம் உள்ளவர்களுக்கு இது இன்றும் அருமையான வண்டி. பழைய பிஎஸ்6 டீசல் வாங்கப் போகிறவர்கள், எஞ்சின் ஆறியிருக்கும்போது எக்ஸாஸ்ட் குழாயின் உள்பக்கத்தில் ஒரு வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்துப் பாருங்கள். வடிகட்டி நல்ல நிலையில் இருந்தால் லேசான சாம்பல் நிறம்தான் ஒட்டும். துணி கருகருவென்று வந்தால் உள்ளே பீங்கான் உடைந்திருக்கிறது, அல்லது யாரோ ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள். விலை பேசாமல் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.